மருந்திலும் 'அசல் ஜாதி'யா?

சென்ற மாதம் திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் மாஸ்டராக வேலை பார்க்கும் தோழர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அவருடைய மனைவியாருக்கு மார்பில் புற்று. அறுவை முடிந்துவிட்டது. கட்டியைப் பரிசோதித்ததில் 'ஹெர்-2' என்னும் புரதம் மிகுந்திருக்கும் வகை என்று தெரிந்ததாம். மார்புப் புற்று கண்ட நூறு பேரில் பதினைந்து, இருபது பேருக்கு இந்த வகை வருகிறது. டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓராண்டு போடவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பெங்களூரில் செய்யப்படும் மருந்தே போதும், விலையும் குறைவு என்றும் சொல்லியிருக்கிறார்.

இதுவரை சங்கதி சரியாகவே இருந்தது. அதற்குப் பிறகு உறவுக்காரர்கள் புறப்பட்டார்கள். "அது நகல் மருந்து, அசல் மருந்து சீமையிலிருந்து வருகிறது, உயிர் போகிற விஷயத்தில் காசு பார்க்கலாமா?" என்றார் ஒருவர். "காட்டை விற்றாவது அசலைப் போடு" என்றார் இன்னொருவர். காட்டை விற்கச் சொன்னவருக்குச் சொந்தமாகக் காடு கிடையாது என்பது வேறு சங்கதி.

தோழர் நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏனுங்க அய்யா, அசல் எது, நகல் எது? அதை எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?"

இது ஒரு குடும்பத்துக்கு மாத்திரம் வேண்டிய பதில் அல்லவாகையால் இங்கே எழுதுகிறோம். எந்த மருந்தைப் போடுவது என்பது டாக்டரும் நோயாளியும் பேசி முடிவு செய்யவேண்டிய காரியம். அதில் நாம் தலையிடவில்லை. 'அசல்' என்ற வார்த்தைக்கு இவ்வளவு யோக்கியதை எங்கிருந்து வந்தது என்பதே நம் கேள்வி.

முதலில் இந்த மருந்து இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரையின் ஒரு மூலக்கூறில் 21 அணுக்கள்தான் உண்டு. யார் செய்தாலும், எங்கே செய்தாலும், அந்த 21 அணுக்களும் அதே முறையில் சேர்ந்திருந்தால் அது ஆஸ்பிரின்தான். டிராஸ்டுசுமாப் அப்படிப்பட்டதன்று. டாக்டர்கள் ஆண்டிபாடி என்று சொல்லும் எதிர்ப்புப் புரதம் அது. இரண்டு பெரிய சங்கிலி, இரண்டு சிறிய சங்கிலி, ஆக நான்கு சங்கிலிகளில் சுமார் 1,300 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டிருக்கும். அதன்மேல் சர்க்கரைக் கிளைகள் ஒட்டியிருக்கும். இதைக் கலத்திலிட்டுக் காய்ச்சிச் செய்ய முடியாது. சீன நாட்டு எலிவகை ஒன்றின் சூற்பையிலிருந்து எடுத்து வளர்க்கும் உயிரணுக்களைக்கொண்டே செய்விக்க வேண்டும். 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இருவரும் ஒரே வகை எதிர்ப்புப் புரதத்தை ஓயாமல் சுரக்கும் அணுக்களை உண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து வளர்ந்த கலை இது.

'ஒரே வகை' என்கிறோமே, அது உண்மையில் ஒன்றுதானா என்றால் அதுதான் இல்லை. ஒரே அணுவின் வழிவந்த அணுக்கள், ஒரே தொட்டியில், ஒரே தீனியைத் தின்று சுரந்த புரதத்திலும் பல வடிவங்கள் இருக்கின்றன. ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் நாளடைவில் அம்மோனியாவை இழந்து வேறொன்றாக மாறுகிறது. ஒன்றில் வாலிலுள்ள லைசின் அறுந்திருக்கும். மற்றொன்றில் அறாமல் இருக்கும். சர்க்கரைக் கிளை ஒன்றில் நீண்டும் ஒன்றில் குறுகியும் இருக்கும். சில இரண்டு மூன்றாக ஒட்டிக் கட்டியாகிவிடும். ஒரே தாய் வயிற்றில் பிறந்ததெல்லாம் ஒன்றுபோல் இருக்கும், பிறப்பிலேயே தூய்மை வந்துவிடும் என்று இங்கே நூற்றாண்டுக் கணக்கில் சொல்லிவந்தவர்கள் அந்தத் தொட்டியை எட்டிப்பார்த்தால் நல்லது.

அப்படியானால் இந்த வேற்றுமைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? மருந்தைக் கையில் பிடித்துப் பார்த்தால் தண்ணீர்போல் தெளிவாகத்தான் இருக்கும். தெளிவாயிருப்பதெல்லாம் சுத்தம் என்று நம்பினால் என்ன ஆகும் என்பதை நொய்யல் கரை ஜனங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெளிந்த கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்த்தபிறகுதானே பயிர் ஏன் கருகியது என்று தெரிந்தது? 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அளந்து பார்த்த கணக்கைக்கொண்டுதான். பட்டறைக்காரர் கொடுத்த வாக்குறுதியைக்கொண்டல்ல.

நாம் தோழரிடம் திருப்பிக் கேட்டோம்: "உங்கள் பட்டறையில் சாப்ட்னர் இருக்கிறதா?"

"இல்லாமலுங்களா? போர் தண்ணி அத்தனையும் கடுந்தண்ணி. அப்படியே சாயத்துல ஊத்துனா ஷேடு எப்படிங்க நிக்கும்?"

"அது எப்படி வேலை செய்கிறது?"

அவர் சொன்னார். தொட்டிக்குள் பழுப்பு நிறத்தில் சிறு மணிகளாக ரெசின் இருக்கிறது. கடுந்தண்ணீர் அதன்வழியே இறங்கும்போது சுண்ணச்சத்து ரெசினில் ஒட்டிக்கொள்ள, மென்மையான தண்ணீர் கீழே வருகிறது. ரெசின் நிறைந்துபோனால் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுகிறார்கள். உப்பு உள்ளே போய், ஒட்டிய சுண்ணத்தைத் தள்ளிவிட்டுத் தான் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

எதிர்ப்புப் புரதத்தின் வேற்றுமைகளைப் பிரிக்கும் யந்திரமும் இதுவேதான்! அளவு சிறியது, மணிகள் மிக நுண்ணியவை, உப்பை ஊற்றும் பக்குவம் வேறு, அவ்வளவுதான். மெல்லிய குழாயில் எதிர்மின் ஏறிய மணிகளை அடைத்து, மருந்தில் ஒரு துளியை உள்ளே விடுகிறார்கள். நேர்மின் உள்ள புரதம் மணிகளில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு உப்புநீரைச் சிறிது சிறிதாகக் காரம் கூட்டி விடுகிறார்கள். பிடிப்புக் குறைந்தது முதலில் கழன்று வரும். பிடிப்பு மிகுந்தது கடைசியில் வரும். அம்மோனியா இழந்து அமிலத்தன்மை கூடியவை முன்னே வந்துவிட, நடுவே பெருங்கூட்டம் வர, வாலில் லைசின் ஒட்டியவை போன்றவை பின்னே வந்து சேரும். வெளியே வரும் நீரில் புற ஊதாக்கதிரைப் பாய்ச்சி, எப்போது எவ்வளவு புரதம் வந்தது என்பதை யந்திரம் கோடாக வரைந்து காட்டுகிறது. முன்னே சில சிறு மேடுகள், நடுவே பெரிய மலை, பின்னே சில சிறு மேடுகள்: அதுதான் அந்த மருந்தின் படம். ஒட்டிக் கட்டியானவற்றைப் பிரிக்க வேறொரு குழாய் இருக்கிறது. அதில் பெரியது முன்னே ஓடிவரும், சிறியது மணிகளின் துளைகளில் நுழைந்து நுழைந்து தாமதித்து வரும். சர்க்கரைக் கிளைகளை வெட்டியெடுத்துப் பார்க்க இன்னொரு குழாய்.

இதைக் கேட்ட தோழர், "இவ்வளவுதானுங்களா?" என்றார். இவ்வளவுதான். ஆனால் இதைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்பதையும் கேட்கவேண்டும். ருஷ்யக்காரரான ஸ்வெட் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்சாவில் இருந்தபோது, இலைச்சாற்றைச் சுண்ணத்தூள் அடைத்த குழாயில் இறக்கி, பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டையாகப் பிரிவதைக் கண்டார். 1906-ல் அதற்கு 'குரோமட்டோகிராபி' என்று பெயரும் வைத்தார். நிறத்தை எழுதுவது என்று பொருள். அவர் காலத்தில் பெரும்பாலோர் அதைச் சட்டை செய்யவில்லை. பிறகு 1941-ல் இந்தக் கலைக்குப் புதிய உயிர் கொடுத்த மார்ட்டினும் சிங்கும் எங்கே வேலை பார்த்தவர்கள் தெரியுமா? இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கம்பளித் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தில்! கம்பளி மயிரில் என்னென்ன அமினோ அமிலங்கள் உண்டென்று பிரித்தறியப் போய்ப் பிறந்த முறைக்கு 1952-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1956-ல் பீட்டர்சன், சோபர் என்ற இருவர் புரதங்களைப் பிரிப்பதற்கு மின்னேற்றிய செல்லுலோசைப் பயன்படுத்தும் வழியைக் காட்டினார்கள். செல்லுலோஸ் என்பது வேறொன்றுமல்ல, நமது பஞ்சுதான். போதாததற்கு, துணிக்குப் போடும் 'சிபாக்ரான் புளூ' என்ற நீலச்சாயம் சில புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது என்பது 1960-களின் பிற்பகுதியில் தற்செயலாகத் தெரியவர, அந்தச் சாயத்தையே மணிகளில் ஏற்றி இரத்தத்துப் புரதங்களைப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஆகவே திருப்பூர்த் தோழர்கள் இதை ஏதோ எட்டாத வித்தை என்று எண்ண வேண்டியதில்லை. பஞ்சும் கம்பளியும் சாயமும் உப்பும் கூடிப் பெற்ற பிள்ளை அது.

நிற்க, அந்தப் படம் என்ன சொல்கிறது? 2001-ல், டிராஸ்டுசுமாப்பை முதன்முதல் செய்த ஜெனன்டெக் கம்பெனியின் விஞ்ஞானிகளே தங்கள் மருந்தை இப்படிப் பிரித்து, ஒவ்வொரு மேட்டிலும் என்ன இருக்கிறது என்று வெளியிட்டார்கள். சிறிய சங்கிலியில் 30-ம் இடத்து ஆஸ்பராஜின் மாறியிருந்த வடிவம் ஒன்று. பெரிய சங்கிலியில் 102-ம் இடத்து ஆஸ்பார்டிக் அமிலம் கோணி நிற்கும் வடிவம் ஒன்று. இந்த 102-ம் இடம் புற்றணுவைப் பிடிக்கும் கைப்பிடியில் இருக்கிறது. அது கோணினால் பிடிப்பு வெகுவாகக் குறைந்துபோகிறது. வாலில் லைசின் இருப்பதும் இல்லாததும் அப்படியன்று. உடம்புக்குள் போனதும் இரத்தமே அதை வெட்டிவிடுகிறது. பனியனில் நறுக்காமல் விட்ட நூல்முனை போன்ற விஷயம் அது. எல்லா வேற்றுமையும் குற்றமல்ல. எது குற்றம், எது குற்றமல்ல என்பதைப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் தனியே பரீட்சித்துத்தான் சொல்லமுடியும்.

இனி 'அசல்' பக்தர்கள் கேட்கவேண்டிய செய்திக்கு வருவோம். தென்கொரியாவின் சாம்சங் பயோபிஸ் என்ற கம்பெனியார் சந்தையில் விற்ற அசல் ஹெர்செப்டினைப் பல லாட்டுகளாக வாங்கி வருஷக்கணக்கில் சோதித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். 2018, 2019-ல் காலாவதியாகும்படி குறிக்கப்பட்ட பல லாட்டுகளில் சர்க்கரைக் கிளைகளின் அமைப்பு முந்தியவற்றிலிருந்து மாறியிருந்தது. அதனால் உடம்பின் காவலணுக்களை அழைத்துப் புற்றணுவைக் கொல்லவைக்கும் சக்தியும் சோதனையில் குறைந்து காணப்பட்டது. பெட்டி அதே பெட்டி, பேர் அதே பேர்! சாம்சங் போட்டிக் கம்பெனிதானே என்று கேட்பீர்கள். ஆம், போட்டிக் கம்பெனிதான். ஆனால் அவர்கள் காட்டியது வேறு யாரும் அளந்து பார்க்கக்கூடிய அளவு. தவிரவும், 2011-லேயே சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸைச் சேர்ந்தவர்கள் வேறு மூன்று பேர்பெற்ற அசல் மருந்துகளிலும் காலப்போக்கில் இத்தகைய மாற்றம் இருந்ததை எழுதியிருந்தார்கள்.

இதனால் அந்த மருந்து கெட்டுவிட்டது என்று நாம் சொல்லவரவில்லை. அசலும் நேற்றைய தன்னைப் போல் இன்று இருப்பதில்லை. பிறந்த இடத்தைக்கொண்டு குணத்தைத் தீர்மானிக்க முடியாது. இவ்வளவுதான் நாம் சொல்வது.

அப்படியானால் இங்கே செய்கிறதெல்லாம் நல்லதுதானே என்று சிலர் கை தட்டப் பார்ப்பார்கள். சுதேசி என்ற வார்த்தைக்கும் சீமை என்ற வார்த்தைக்கும் நாம் ஒரே மரியாதைதான் வைத்திருக்கிறோம். இந்தியாவில் இத்தகைய ஒப்பு மருந்து ஒன்று 2007-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஐதராபாத் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனியின் ரிட்டுக்சிமாப் அது. ஆனால் இவற்றை எப்படி அளந்து ஒப்பிட்டு அனுமதிப்பது என்று சர்க்கார் தனி விதி வகுத்தது 2012-ல்தான். 2016-ல் அதைத் திருத்தினார்கள். குதிரை ஓடி ஐந்து வருஷம் கழித்து லாயத்துக்குக் கதவு வைத்தார்கள். 2014-ன் தொடக்கத்தில் பெங்களூர் பயோகான் கம்பெனி தன் டிராஸ்டுசுமாப்பை விற்பனைக்குக் கொண்டுவந்ததும், அசலுக்குச் சொந்தக்காரரான ரோஷ் கம்பெனி டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஒப்பு மருந்தை விதிப்படி பரீட்சிக்காமல் அனுமதித்தார்கள், எங்கள் மருந்தின் பேரையும் பரீட்சை விவரங்களையும் அவர்கள் எடுத்தாளக்கூடாது என்பது வாதம். இரு கம்பெனிகளும் வக்கீல்களுக்குக் கொட்டிக்கொடுத்து வருஷக்கணக்கில் வாதாடின. ரோஷ் நோயாளிக்காகப் பேசியதா, லாபத்துக்காகப் பேசியதா என்பதில் நமக்கு மயக்கமில்லை. ஆனால் அது எழுப்பிய கேள்வி நோயாளி கேட்டிருக்கவேண்டிய கேள்விதான். நாம் கேளாமல் விட்டதால் போட்டி வியாபாரி கேட்டான்.

திருப்பூர் ஊர் எப்படிப்பட்டது? பனியன் துணியில் ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் ஷேடு இம்மி மாறினால் வெளிநாட்டு வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவான். கம்ப்யூட்டரில் வைத்து நிறத்தை அளந்து, எண்ணைப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதோடு விட்டார்களா? சில அசோ சாயங்கள் சிதைந்தால் புற்றை உண்டாக்கும் அமீன்கள் வெளிப்படும் என்று 1994-ல் ஜெர்மனி தடை கொண்டுவந்தது. 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் சட்டமாயிற்று. துணியில் பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் அந்த அமீன் இருந்தால் சரக்கு அங்கே விலைபோகாது. அதைக் கண்டுபிடிப்பது எப்படி? துணியை நறுக்கி, சாயத்தைச் சிதைத்து, சாற்றை எடுத்து, மேலே சொன்ன அதே பிரிக்கும் குழாய்களில் ஏற்றித்தான். படம் வரும், ரிப்போர்ட் வரும், ரிப்போர்ட் நகல் வாங்குகிறவன் கைக்குப் போகும். பெர்லினில் ஒரு பிள்ளையின் தோலில் படும் பனியனுக்கு இவ்வளவு ஜாக்கிரதை! அந்தப் பனியனுக்குச் சாயம் போடுகிறவரின் மனைவியின் நரம்பில் ஏறும் மருந்துக்குப் படம் எங்கே?

படம் இல்லாமலில்லை. கம்பெனியிடம் இருக்கிறது, சர்க்கார் அலுவலகத்திலும் இருக்கிறது. நிபுணர் குழுவின் தீர்மானத்தைச் சில வரிகளில் வெளியிடுகிறார்கள். எதை எதோடு ஒப்பிட்டார்கள், எந்த மேடு எவ்வளவு வேறுபட்டது, அந்த வேறுபாட்டை ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்ற விரிவான அறிக்கையை ஜனங்கள்முன் வைக்கும் வழக்கம் இங்கே இல்லை. வேடிக்கையைக் கேளுங்கள். அதே பெங்களூர்க் கம்பெனியும் மைலானும் சேர்ந்து அதே டிராஸ்டுசுமாப்பை அமெரிக்காவில் விற்க அனுமதி கேட்டபோது, அந்நாட்டு மருந்து அதிகார சபை 2017 ஜூலையில் பகிரங்கமாகக் கூட்டம் போட்டது. ஒப்பீட்டு விவரங்களையெல்லாம் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட்டு, ஆலோசகர்களை வாக்களிக்கச் செய்து, டிசம்பரில் அனுமதி தந்தது. கர்நாடகத்தில் செய்து கொங்கு நாட்டில் ஏற்றப்படும் மருந்தின் சங்கதியை, அமெரிக்காக்காரன் தன் ஜனங்களுக்காக அச்சிட்ட காகிதத்தில் நாம் எட்டிப்பார்க்க வேண்டியிருக்கிறது! இங்கே அனுமதி கொடுத்ததோ 2013-ல்.

இதைச் சொன்னால், "பாமர ஜனங்களுக்கு இந்தப் படமெல்லாம் புரியுமா?" என்று கேட்கிற படிப்பாளிகள் உண்டு. கர்ப்பக்கிருகத்துக்குள் நீ வரக்கூடாது, வந்தாலும் மந்திரம் உனக்குப் புரியாது என்று சொன்னவர்களின் பேச்சுத்தானே இது? திருப்பூரில் எழுதப் படிக்கத் தெரியாமல் வேலைக்கு வந்தவர், பத்து வருஷத்தில் ஷேடு கார்டைப் பார்த்து லாட்டைத் தள்ளுகிறார். அவருக்கே புரியாவிட்டாலும் கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் மருந்தியல் படித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பார்த்து, இந்த மேடு ஏன் பெருத்திருக்கிறது என்று கேட்டால் போதும். யாரோ ஒருவர் பார்க்கக்கூடும் என்று தெரிந்தாலே செய்கிறவன் கை சுத்தமாகும்.

வியாபார இரகசியம் வெளியாகிவிடுமே என்பது இன்னொரு சமாதானம். எந்த அணுவை எப்படி வளர்த்தான், என்ன தீனி போட்டான் என்பது இரகசியமாயிருக்கட்டும். சாயப்பட்டறைக்காரரும் தம் சரக்குக் கணக்கை ஊருக்குச் சொல்வதில்லை. ஆனால் சாயம் போட்ட துணியை எவரும் சோதிக்கலாம். செய்கிற பக்குவம் செய்கிறவனுடையது; செய்து முடிந்த மருந்து நோயாளியுடையது.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. அனுமதி கொடுக்கும்போதே ஒப்பீட்டறிக்கை முழுவதையும் சர்க்கார் வெளியிடவேண்டும். அது சீமை மருந்துக்கும் பொருந்தவேண்டும், நம்மூர் மருந்துக்கும் பொருந்தவேண்டும். ஒவ்வொரு லாட்டுக்கும் எடுத்த படத்தை, பெட்டியிலுள்ள எண்ணைச் சொல்லிக் கேட்கிறவருக்குக் கொடுக்கவேண்டும். அதுவரையில் "அசலா நகலா" என்று உறவுக்காரர் கூட்டம் போட்டுக் கொண்டிருக்கும், காடு விலைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

தோழர் காட்டை விற்கவில்லை. டாக்டர் சொன்ன மருந்தையே போட்டு வருகிறார்கள். ஒவ்வொரு ஊசியின்போதும் பெட்டியிலுள்ள மருந்தின் பேர், லாட் எண், காலாவதித் தேதி மூன்றையும், சாய லாட் எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறாராம். பெட்டி 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வந்ததா என்றும் கேட்கிறாராம். சூட்டில் கிடந்தால் புரதம் ஒட்டிக் கட்டியாகும் என்று நாம் சொன்னதை அவர் மறக்கவில்லை. ஊசிக்குப்பின் குளிர்நடுக்கமோ மூச்சுத்திணறலோ கண்டால் டாக்டரிடம் உடனே சொல்வதோடு, மருந்தின் கெடுபலன்களைப் பதிவு செய்யும் இந்திய சர்க்காரின் இலவசத் தொலைபேசி 1800 180 3024-க்கும் அந்த லாட் எண்ணைச் சொல்லும்படி அவருக்கு எழுதியிருக்கிறோம்.